முதியோர் குடியிருப்பைத் தேடத் தொடங்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூரில் வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கம் போனால் முதியோருக்கென்றே கட்டிய குடியிருப்புகளைப் பார்க்கலாம். சென்னைக்குத் தெற்கே கேளம்பாக்கம், வண்டலூர் பக்கமும் வந்துவிட்டன. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்கு 60 வயது தாண்டியிருந்தது. பிள்ளைகள் பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ டல்லாஸிலோ இருக்கிறார்கள். அதனால் தேவை கூடிக்கொண்டே போகிறது, விளம்பரமும் கூடிக்கொண்டே போகிறது. எந்த விளம்பரத்தை எடுத்தாலும் அதே நடைபாதை, அதே யோகா கூடம், அதே சின்னக் கோயில்.

தேடத் தொடங்கும் குடும்பங்கள் பெரும்பாலும் கட்டடத்திலிருந்து தொடங்குகின்றன. எத்தனை சதுர அடி, என்ன விலை, பால்கனி எந்தப் பக்கம் என்று. என் கருத்தில் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். அங்கே போய் வாழப்போகும் 15, 20 ஆண்டுகள் எப்படி இருக்கும் என்பதை அந்த இடத்தை நடத்துபவர் யார், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்ற இரண்டும்தான் பெருமளவு தீர்மானிக்கின்றன. இந்த வழிகாட்டி அந்த வரிசையில் போகிறது. பெற்றோருக்காகத் தேடும் பிள்ளைகளுக்கும், தமக்காகத் தாமே தேடுபவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

படி 1: எவ்வளவு உதவி வேண்டும் என்று எழுதிப் பாருங்கள்

"அம்மாவுக்கு இப்போதைக்கு ஒன்றும் பிரச்சினை இல்லை" என்ற பொத்தாம்பொதுவான பேச்சு இங்கே உதவாது. முதியோர் மருத்துவர்கள் இரண்டு பட்டியல்களை வைத்துப் பார்ப்பார்கள். முதலாவது உடம்பு சார்ந்தது: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு வருவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. இரண்டாவது வீட்டை நடத்துவது சார்ந்தது: போன் பேசுவது, கடைக்குப் போவது, சமைப்பது, வீட்டைச் சுத்தமாக வைப்பது, துணி துவைப்பது, பஸ்ஸிலோ ஆட்டோவிலோ தனியாகப் போய்வருவது, மாத்திரையை வேளை தவறாமல் போடுவது, பணக் கணக்கைப் பார்ப்பது.

ஒரு தாளில் இந்தப் பதினான்கையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராகத் தானே செய்கிறார், கொஞ்சம் உதவி வேண்டும், முடியவில்லை என்று குறியுங்கள். பாதிக் குழப்பம் இதிலேயே தீரும். இரண்டு பட்டியலிலும் பெரிதாகச் சிக்கல் இல்லையென்றால் சுயமாக வாழ்பவர்களுக்கான குடியிருப்பு போதும். இரண்டாவதில் மட்டும் தடுமாற்றமென்றால் சாப்பாடு, சுத்தம், மருந்து நினைவூட்டல் இவற்றைச் சேர்த்துத் தரும் இடம் வேண்டும். முதல் பட்டியலிலேயே கைத்தாங்கல் தேவைப்பட்டால் அசிஸ்டட் லிவிங் வகை. படுக்கையில் இருப்பவர்களுக்கும் மறதி நோய் முற்றியவர்களுக்கும் நர்சிங் வசதியுள்ள தனி இடம்.

இரண்டாவது பட்டியலில் பணக் கணக்கும் மாத்திரையும் திடீரென்று தடுமாறத் தொடங்கியிருந்தால், இடம் தேடுவதை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். மறதி நோயின் தொடக்கம் இப்படித் தெரிவதுண்டு. சென்னை கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இதற்கென்றே இருக்கிறது. சென்னையில் இருக்கும் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு அமைப்பும் மறதி நோய்க்காகத் தனிப் பிரிவு நடத்துகிறது. சுயமாக வாழும் குடியிருப்பில் பணம் கட்டிவிட்டு, ஒரு வருடத்தில் "உங்கள் அப்பாவை இங்கே வைத்துக்கொள்ள முடியாது" என்று கேட்பதைவிட இது நல்லது.

படி 2: வீட்டில் பேசுங்கள்

"எங்களை ஹோமுல கொண்டுபோய் விடப் போறியா?" இந்தக் கேள்வி வரும். வரவேண்டும்கூட, மனதில் இருப்பது வெளியே வந்தால்தான் அடுத்த பேச்சு நடக்கும். பிள்ளைகள் முடிவெடுத்துவிட்டு வந்து அறிவிக்கும் வீடுகளில்தான் மனக்கசப்பு வருடக்கணக்கில் நீள்கிறது. அவர்களிடம் கேட்க வேண்டியது எளிமையானது. இப்போது இந்த வீட்டில் எது சிரமமாக இருக்கிறது? எதை விட்டுவிட்டு வரவே முடியாது?

பதில்கள் எதிர்பாராத இடத்திலிருந்து வரும். ஒருவருக்குக் காலையில் நடந்துபோய் வாங்கும் பேப்பரும் டீக்கடைப் பேச்சும் முக்கியம். இன்னொருவருக்குச் சனிக்கிழமை பெருமாள் கோயில், அல்லது ஞாயிறு பூசை. மருமகளோடு பிணக்கு இருப்பதை வெளியே சொல்லாமல், "அங்கே போனால் நிம்மதி" என்று தாங்களே முன்வருபவர்களும் உண்டு. கணவனும் மனைவியும் தனித்தனியே பேசட்டும். பெரும்பாலும் அப்பா வீட்டை விட மறுப்பார், அம்மா சமையலறையிலிருந்து விடுதலை வந்தால் போதும் என்றிருப்பார். 50 வருடம் சமைத்த ஒருவரின் அந்த ஆசைக்கு நான் நிறையவே மதிப்புக் கொடுப்பேன்.

எப்போது பேசத் தொடங்குவது? இருவரும் நடமாட்டத்தோடு இருக்கும்போதே. பல குடியிருப்புகள் சேரும்போது சுயமாக நடமாடும் நிலையில் இருக்க வேண்டும் என்று மருத்துவப் பரிசோதனை கேட்கின்றன. இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது தேடத் தொடங்கினால், அந்த வாரம் எந்த இடம் காலியாக இருக்கிறதோ அதுதான் கிடைக்கும்.

படி 3: எந்த ஊர்?

பருவநிலை, விமான நிலையம், ஆஸ்பத்திரி மூன்றும் சேர்ந்து இருப்பதால் கோவைக்கு இவ்வளவு வரவேற்பு. சென்னையில் இருந்தால் பழைய டாக்டரும் உறவினரும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள். ஸ்ரீரங்கம், கும்பகோணம் என்று கோயிலை ஒட்டிப் போக விரும்புபவர்களும் உண்டு. ஊர் எதுவானாலும், யாராவது ஒரு சொந்தமோ நெருங்கிய நண்பரோ ஒரு மணி நேரத்தில் வந்து சேரும்படி இருக்க வேண்டும் என்பது என் விதி. டல்லாஸிலிருந்து மகன் வந்து சேர ஒன்றரை நாளாகும். அதுவரை ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும்.

"பக்கத்தில் ஆஸ்பத்திரி உண்டு" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ரத்தக்கட்டியால் பக்கவாதம் வந்தால் அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஆகவே கேள்வி இப்படி இருக்கட்டும்: இரவு 2 மணிக்கு சி.டி. ஸ்கேனும் மாரடைப்புக்கு ஆஞ்சியோவும் செய்யும் ஆஸ்பத்திரி எது, மாலை நெரிசலில் அங்கே போக எவ்வளவு நேரம்? சாயங்காலம் 6 மணிக்கு நீங்களே வண்டியில் போய்ப் பாருங்கள். வளாகத்தில் சொந்த ஆம்புலன்ஸ் இருக்கிறதா, இரவில் அதற்கு டிரைவர் இருக்கிறாரா என்பதும் சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்விதான். வண்டி நிற்கும், டிரைவர் 8 மணிக்கு வீட்டுக்குப் போயிருப்பார் என்ற நிலை இருக்கக்கூடாது.

படி 4: பணக் கணக்கு

இதில்தான் நிதானம் வேண்டும். நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன. விலைக்கு வாங்கிப் பத்திரம் பதிவது ஒன்று. பெரிய தொகையை டெபாசிட்டாகக் கட்டி ஆயுள் முழுக்கவோ குறிப்பிட்ட காலமோ குடியிருந்து, வெளியேறும்போது பிடித்தம் போகத் திரும்பப் பெறுவது இன்னொன்று. மூன்றாவது மாத வாடகை. பிள்ளைகளுக்குச் சொத்தாகப் போகட்டும் என்று வாங்குகிறார்கள். ஆனால் குறிப்பிட்ட வயதைத் தாண்டியவர்கள் மட்டுமே குடியிருக்கலாம் என்ற விதி இருந்தால் 40 வயது மகள் அங்கே வாழ முடியாது. விற்கலாம், அதுவும் அந்த வயதுக்காரருக்குத்தான். சொத்து என்ற எண்ணத்தில் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் தடவை போகிறவர்களுக்கு வாடகையோ, டெபாசிட் கட்டிக் குடியிருக்கும் லீஸோ மேல்.

வாங்கும் விலையைவிட மாதச் செலவுதான் ஆளைச் சோதிக்கும். பராமரிப்புக் கட்டணம், தலைக்கு இவ்வளவு என்ற சாப்பாட்டுக் கட்டணம், மின்சாரம், ஜி.எஸ்.டி., துணி துவைக்க, அட்டெண்டர் தேவைப்பட்டால் ஒரு நாளைக்கு இவ்வளவு, மருந்து, ஆஸ்பத்திரிக்கு வண்டி. எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தம்பதிக்கு மாதம் 40,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடம் 8 சதவீதம் ஏறினால் பத்து வருடத்தில் 86,000-ஐத் தாண்டும், பதினைந்தாவது வருடத்தில் 1,26,000-க்கு மேல். மறுபக்கம் வருமானத்தைப் பாருங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் அதிகபட்சம் 30 லட்சம் போடலாம். 8.2 சதவீத வட்டியில் மாதத்துக்குச் சராசரி 20,500 ரூபாய் கிடைக்கும், ஐந்து வருடத்துக்கு அதே தொகைதான். செலவு ஏறும், வட்டி ஏறாது.

பலர் போட மறக்கும் கணக்கு ஒன்று உண்டு. தம்பதியில் ஒருவர் மறைந்தால் என்ன ஆகும்? அரசு ஊழியர்களின் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் என்றால் குடும்ப ஓய்வூதியம் பொதுவாக 30 சதவீதம். வருமானம் ஐந்தில் இரண்டு பங்கு குறைகிறது. செலவில் குறைவது ஒருவரின் சாப்பாடு மட்டும். பராமரிப்புக் கட்டணம் வீட்டுக்குத்தான், ஆளுக்கு இல்லை. மீதமிருப்பவர் பெரும்பாலும் மனைவிதான், அவருக்குப் பின்னாளில் அட்டெண்டரும் தேவைப்படும். ஆகவே அவர் தனியாக 85 வயது வரை இருந்தால் இந்தக் கணக்கு நிற்குமா என்று பாருங்கள். நிற்காது என்றால் அந்த இடம் உங்கள் பட்ஜெட்டுக்கு மேலே.

மருத்துவக் காப்பீடு தனி. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பொதுவாகப் பாலிசி பணம் தரும், குடியிருப்பில் அட்டெண்டர் வைத்துப் பார்க்கும் மாதச் செலவுக்குத் தராது. 65 வயதுக்கு மேல் புதிதாகப் பாலிசி எடுக்க இருந்த வயது வரம்பை 2024-ல் எடுத்துவிட்டார்கள். பிரீமியம் கூடுதல்தான், கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் 5 லட்சம் ரூபாய் வரை தரும், மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டு விரிவாக்கமும் அதே ஆண்டு அக்டோபரில் வந்தது. நீங்கள் பார்க்கும் இடத்தோடு இணைந்த ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

படி 5: நடத்துபவரையும் பத்திரத்தையும் படியுங்கள்

கட்டியவர் ஒருவர், நடத்துபவர் இன்னொருவர் என்பது இந்தத் துறையில் சாதாரணம். வீட்டை விற்றுவிட்டுக் கட்டியவர் ஒதுங்கிவிட்டால் சமையலறையையும் நர்ஸையும் பார்ப்பது யார்? மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி வழிகாட்டுதல், கட்டுபவர், சேவை தருபவர், வாங்குபவர் மூவரும் கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறது. அது கட்டாயச் சட்டம் இல்லை. ஆனாலும் அப்படி ஒன்று தருவீர்களா என்று கேளுங்கள். கேள்வியை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதே ஒரு பதில்.

வாங்குவதாக இருந்தால் தமிழ்நாடு ரெரா (கட்டுமானத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) தளத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பொதுவாக 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் என்றால் பதிவு கட்டாயம். விற்பனை ஒப்பந்தம் பதிவாவதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. "இந்த வாரம் 30 சதவீதம் கட்டினால் தள்ளுபடி" என்றால் வெளியே வந்துவிடுங்கள். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, யூ.டி.எஸ். (நிலத்தில் உங்கள் வீட்டுக்குரிய பிரிக்கப்படாத பங்கு) அளவு இதெல்லாம் எந்த அடுக்குமாடி வீட்டுக்கும் பார்ப்பதுதான், ஒரு வக்கீலிடம் கொடுத்துவிடலாம்.

வக்கீலும் சில சமயம் கவனிக்காமல் விடுவது சேவை ஒப்பந்தத்தைத்தான். அதை நீங்களே உட்கார்ந்து படிக்க வேண்டும். கட்டணம் எந்த விகிதத்தில், யார் முடிவில் ஏறும்? நடத்துபவரை மாற்றும் உரிமை குடியிருப்போர் சங்கத்துக்கு உண்டா? உடல்நிலை மோசமானால் அசிஸ்டட் பிரிவுக்கு மாற்றுவதை யார் முடிவு செய்வது, அங்கே படுக்கை இல்லையென்றால் என்ன செய்வார்கள்? வெளியிலிருந்து நாமே ஆள் வைத்துக்கொள்ளலாமா? மூன்று மாதம் மகள் வீட்டுக்குப் போனால் சாப்பாட்டுக் கட்டணம் குறையுமா? பேரப்பிள்ளைகள் வந்தால் எத்தனை நாள் தங்கலாம்? டெபாசிட் என்றால் எத்தனை நாளில், எந்தப் பிடித்தத்தோடு, யார் கணக்குக்குத் திரும்பும்? அந்தத் தொகைக்கு ஈடாகப் பெரும்பாலும் உங்கள் கையில் எதுவும் இருக்காது. நிறுவனம் கைமாறினால் புதியவர் அதை ஏற்றுக்கொள்வார் என்ற வரி அவசியம் இருக்க வேண்டும்.

வாயால் சொல்லும் உறுதி எதற்கும் கணக்கு வைக்காதீர்கள். மார்க்கெட்டிங் பையன் அடுத்த வருடம் வேறு வேலைக்குப் போயிருப்பான்.

படி 6: நேரில் போய்ப் பாருங்கள், சொல்லாமல் ஒரு தடவை

முதல் தடவை அவர்கள் கூட்டிக்கொண்டு காட்டுவார்கள், சரி. இன்னொரு தடவை முன்கூட்டிச் சொல்லாமல் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். இரவுச் சாப்பாடு நல்லது, அசதியில் சமைத்ததா அக்கறையோடு சமைத்ததா என்று தெரியும். காசு கொடுத்து அங்கேயே சாப்பிடுங்கள். சர்க்கரை நோயாளிக்குத் தனியாக என்ன தருகிறார்கள்? பல் இல்லாதவருக்குக் குழைய வைத்துத் தருகிறார்களா?

சாப்பாட்டுக் கூடத்தில் சக்கர நாற்காலியில் ஒருவர் வருகிறாரா என்று பாருங்கள். யாருமே இல்லையென்றால் அப்படிப்பட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். சாய்தளம் பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓரடிக்கு மேல் உயரக்கூடாது. கதவு சுமார் 90 சென்டிமீட்டர் அகலம், வழுக்காத தரை, கழிப்பறையில் கைப்பிடி, படுக்கைக்கும் கழிப்பறைக்கும் பக்கத்தில் அவசர மணி, ஸ்ட்ரெச்சர் நுழையும் லிஃப்ட். மணியை அழுத்திப் பார்க்க அனுமதி கேளுங்கள். எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார் என்று பாருங்கள். எனக்கு யோகா கூடத்தைவிட அந்த மணிதான் பெரிது.

குடியிருப்பவர்களோடு தனியாகப் பேசுங்கள். இங்கே எத்தனை வருடமாக இருக்கிறீர்கள், கட்டணம் கடைசியாக எப்போது ஏறியது, இரவில் உடம்புக்கு வந்தால் யார் வந்தார் என்று கேட்டால் மனம்விட்டுச் சொல்வார்கள். வேலை செய்பவர்களிடமும் எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் அம்மாவின் மாத்திரை விவரம் யாருக்கும் நினைவிருக்காது.

விளம்பரத்தில் வராத சில விஷயங்களை வெளிப்படையாகக் கேட்டுவிடுவது நல்லது. வளாகத்தில் அசைவம் கூடாது என்ற விதி சில இடங்களில் உண்டு, சொந்த அடுப்பில்கூடச் சமைக்கக் கூடாது. வாழ்நாள் முழுக்க மீன் குழம்பு சாப்பிட்டவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. மும்பை, டெல்லியில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் நிறைந்த இடத்தில் மாலைப் பேச்சு ஆங்கிலத்திலேயே ஓடும். கிராமத்திலிருந்து வரும் பெரியம்மா அங்கே ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவார். துணையை இழந்த பெண்கள் விசேஷங்களில் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். இறப்பு நேர்ந்தால் ஃப்ரீசர் பாக்ஸ் வைக்கவும் சடங்குகள் செய்யவும் இடம் தருவார்களா என்று தயங்காமல் கேளுங்கள். வயதானவர்களே இதைத் தெளிவாகக் கேட்பார்கள், தயங்குவது பிள்ளைகள்தான்.

அசிஸ்டட் லிவிங், நர்சிங் வகை இல்லமென்றால் சமூகநலத் துறைப் பதிவு, சமையலறைக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம், தீயணைப்புச் சான்று மூன்றின் நகலையும் பாருங்கள். முதியோர் இல்லங்களைப் பற்றிய தகவலுக்கும் புகாருக்கும் 14567 என்ற இலவச உதவி எண் இருக்கிறது.

படி 7: தங்கிப் பாருங்கள், அதுவரை வீட்டை விற்காதீர்கள்

பல இடங்களில் விருந்தினர் அறை உண்டு, வாடகைக்குச் சில வாரம் தங்க விடுவார்கள். ஒரு மாதமாவது தங்குங்கள். முதல் வாரம் விடுமுறைபோல இருக்கும். மூன்றாவது வாரம்தான் அந்த இடத்தின் குணம் தெரியும்.

சேர்ந்த பிறகும் பழைய வீட்டை ஒரு வருடமாவது வாடகைக்கு விட்டு வைப்பதே பாதுகாப்பு. "நாங்கள்தான் அங்கே போய்விட்டோமே" என்று அவசரப்பட்டுப் பிள்ளை பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிக்கொடுப்பவர்களைப் பார்க்கிறேன், மனம் பதறுகிறது. எழுதியே தீர வேண்டுமென்றால், தங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாகச் சேருங்கள். 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 23-ம் பிரிவின்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யத் தீர்ப்பாயத்தை நாடலாம்.

வங்கிக் கணக்கு, டெபாசிட் எல்லாவற்றையும் இருவரில் எவரும் இயக்கும்படி மாற்றி, நாமினியைச் சரிபாருங்கள். பிள்ளைக்குப் பவர் பத்திரம் கொடுத்திருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். கொடுத்தவர் மனநிலை தவறினால் சட்டப்படி அந்தப் பவர் செல்லாது. மறதி நோய் வந்த பிறகு எதுவும் செய்ய முடியாத நிலை வரும், அதனால் உயிலும் இப்போதே எழுதிப் பதிவு செய்துவிடுவது நல்லது.

மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் தரும் வாழ்நாள் சான்றை ஜீவன் பிரமாண் என்ற அரசு இணையச் சேவை வழியாகப் போனில் முகம் காட்டியே தரலாம், அதற்காகப் பழைய ஊருக்குப் போக வேண்டியதில்லை. ஆதார், வங்கி, காப்பீடு மூன்றிலும் முகவரியை மாற்றுங்கள். பழைய டாக்டரிடம் சிகிச்சைச் சுருக்கம் எழுதி வாங்கி, மருந்துப் பட்டியல், ஒவ்வாமை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய இரண்டு எண்கள் இவற்றோடு ஒரே தாளில் சேர்த்து, ஒரு நகலை நர்ஸ் அறையிலும் இன்னொன்றை வீட்டுக் கதவின் உட்புறத்திலும் ஒட்டி வையுங்கள்.